ரயில் கிராசிங் பாதுகாப்பு பத்தி எஃப்ஆர்ஏ-க்கு நம்ம எழுதினா யாராவது படிக்கிறாங்களா?

கிராசிங்பக்கம்:
வணக்கம் மக்களே, அமெரிக்கால இருக்கறவங்க யாருக்காவது இது பத்தி தெரியுமான்னு பாக்கத்தான் போடுறேன். நாங்க இருக்கிறது ஒஹாயோல ஒரு சின்ன ஊரு, வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் நடுவுல சரக்கு ரயில் தண்டவாளம் போகுது. ரயில் வந்து நின்னுச்சுன்னா அரை மணி, முக்கால் மணி ஆனாலும் நகராது. போன மாசம் ஒரு ஆம்புலன்ஸ் லைட்டைப் போட்டுக்கிட்டு இந்தப் பக்கமே நின்னுச்சு, அதே நேரம் ரெண்டு ஸ்கூல் பசங்க பேக்கை முதல்ல அந்தப் பக்கம் தூக்கிப் போட்டுட்டு ரெண்டு பெட்டிக்கு நடுவுல கப்ளிங் மேல கால் வெச்சு ஏறித் தாண்டுறாங்க, எனக்கு ஈரக்குலையே நடுங்கிருச்சு. அந்த நிமிஷம் ரயில் கிளம்பியிருந்தா? போலீஸ்ல கேட்டா இது ஃபெடரல் விஷயம், எங்க கையில இல்லைங்கறாங்க. ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு, ரயில் பாதுகாப்பைப் பாத்துக்கற ஃபெடரல் ரயில்ரோடு அட்மினிஸ்ட்ரேஷன் (எஃப்ஆர்ஏ) புது ரூல் போடறதுக்கு முன்னாடி பொதுமக்கள்கிட்ட கமெண்ட் கேப்பாங்கன்னு. நான் எச்ஒன்பி விசால இருக்கேன், நான் எழுதலாமா? எழுதினா அதுக்கு ஏதாவது மதிப்பு உண்டா, இல்ல சும்மா போய் குப்பையில விழுமா?

விதிப்புத்தகம்:
தாராளமா எழுதலாம் தம்பி, சிட்டிசனா இருக்கணும்னு எந்தக் கண்டிஷனும் இல்ல, யார் வேணா எழுதலாம். 1946-ல வந்த அட்மினிஸ்ட்ரேட்டிவ் ப்ரொசீஜர் ஆக்ட் படி, ஒரு ரூல் போடணும்னா முதல்ல வரைவை ஃபெடரல் ரெஜிஸ்டர்ல (நம்ம ஊர் அரசாங்க கெஜட் மாதிரி) வெளியிட்டு கருத்து கேக்கணும், வந்த கருத்துல உருப்படியான விஷயம் இருந்தா ஃபைனல் ரூல்ல அதுக்குப் பதில் சொல்லணும். ஒவ்வொரு ரூலுக்கும் வரைவு, கமெண்ட் எல்லாம் சேத்து வெக்கிற கோப்புக்கு டாக்கெட்னு பேரு, ரெகுலேஷன்ஸ் டாட் கவ் தளத்துல அந்த டாக்கெட் நம்பர் போட்டுத் தேடினா எல்லாமே வரும்.

மதிப்பு உண்டான்னு கேட்டீங்க. சரக்கு ரயில்ல ரெண்டு ஆள் இருக்கணும்ங்கற ரூலோட கதையைப் பாருங்க. 2013 ஜூலைல கனடாவோட லாக்-மெகான்டிக்ல எண்ணெய் ரயில் தானா உருண்டு ஊருக்குள்ள வந்து எரிஞ்சு 47 பேர் செத்தாங்க, அந்த ரயிலை ஓட்டிட்டு வந்து நிறுத்திட்டுப் போனது ஒரே ஒரு ஆளு. அதுக்கப்புறம் எஃப்ஆர்ஏ 2016-ல ஒரு வரைவு போட்டுச்சு, 2019-ல அதை வாபஸ் வாங்கிட்டு, மாநிலங்களும் இது பத்தி சட்டம் போடக்கூடாதுன்னு சேத்து சொல்லிருச்சு. யூனியன்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க, 2021-ல ஒன்பதாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட் அந்த வாபஸையே ரத்து பண்ணிச்சு. அதுக்குச் சொன்ன காரணங்கள்ல ஒண்ணு, இப்படி ஒரு முடிவு எடுக்கப்போறோம்னு முன்கூட்டியே சொல்லி ஜனங்க கருத்தைக் கேக்கலைங்கறது. திரும்ப 2022-ல வரைவு வந்துச்சு, 13,000-க்கு மேல கமெண்ட் குவிஞ்சுது, 2024 ஏப்ரல்ல ரூல் வந்திருச்சு. அந்த டாக்கெட் எஃப்ஆர்ஏ-2021-0032, நேரம் இருந்தா உள்ள போய்ப் படிங்க. ராத்திரி நடுக்காட்டுல ரயில் நின்னா எந்த வேலையை ஒரு ஆளால செய்யவே முடியாதுன்னு ஓட்டுனருங்களே எழுதியிருக்காங்க, எந்த எக்ஸ்பர்ட் ரிப்போர்ட்லயும் அப்படிக் கிடைக்காது.

ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, இது ஓட்டெடுப்பு இல்ல. யாரோ எழுதிக் குடுத்த ஒரே லெட்டரை ஆயிரம் பேர் அனுப்பினா அதுக்கெல்லாம் சேத்து ஒரே பதில்தான் வரும், நீங்க பாத்ததை நீங்க எழுதினா அது தனியா நிக்கும்.

சிக்னல்_வேலை:
மேல சொன்னது சரிதான், ஆனா உங்க பிரச்சனைக்கு இன்னைக்கே பண்ண வேண்டிய வேலை வேற. ரயில் கிராசிங்கை எவ்வளவு நேரம் அடைச்சு நிக்கலாம்னு ஃபெடரல் ரூலே கிடையாது, அதனால நீங்க கமெண்ட் போடறதுக்கு அங்க டாக்கெட்டே இல்லாமலும் இருக்கலாம். ஒஹாயோ மாநிலம் தானா ஒரு சட்டம் வெச்சிருந்துச்சு, அது ஃபெடரல் சட்டத்துக்கு முன்னாடி செல்லாதுன்னு அந்த மாநில சுப்ரீம் கோர்ட்டே 2022-ல சொல்லிருச்சு. போலீஸ் கைய விரிச்சது அதனாலதான், அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது.

கிராசிங் கம்பத்துல ஒரு நீல போர்டு இருக்கும், பாத்திருப்பீங்க. அதுல ஒரு போன் நம்பரும், ஆறு இலக்கம் கூட ஒரு எழுத்து சேத்து ஒரு அடையாள எண்ணும் இருக்கும். கேட் இறங்காம இருக்கு, வண்டி தண்டவாளத்துல மாட்டிக்கிச்சு, ஆம்புலன்ஸ் போக முடியலைன்னா உடனே அந்த நம்பருக்கு அடிங்க, அது ரயில் கம்பெனிக்கே நேரா போகும். அந்த அடையாள எண்ணைச் சொன்னாத்தான் எந்த கிராசிங்னு அவங்களுக்குத் தெரியும், ரோடு பேரைச் சொன்னா அதே பேர்ல பக்கத்து ஊர்லயும் ஒரு ரோடு இருக்கும். போட்டோ எடுத்து போன்ல வெச்சுக்கோங்க.

அப்புறம் 2019 டிசம்பர்லருந்து எஃப்ஆர்ஏ ஒரு வெப்சைட் நடத்துது, அடைபட்ட கிராசிங்கைப் பொதுமக்களே அதுல பதிவு பண்ணலாம், என்னைக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், ஆம்புலன்ஸ் நின்னுச்சா, ஆளுங்க பெட்டிக்கு நடுவுல ஏறினாங்களான்னு கேப்பாங்க. அதைப் போட்டவுடனே யாரும் ஃபைன் போடப் போறதில்ல, அதை நெனச்சு மனசு விட்டுராதீங்க. ஒவ்வொரு தடவையும் பதிவு பண்ணுங்க, அக்கம்பக்கத்துக்காரங்களையும் பண்ணச் சொல்லுங்க, பதிவே இல்லாத கிராசிங்ல பிரச்சனையே இல்லைன்னுதான் மேல இருக்கறவங்க நெனச்சுக்குவாங்க.

தேன்மொழி_பென்சில்வேனியா:
எனக்குக் கொஞ்சம் கோவமாத்தான் வருது, மன்னிச்சுக்கோங்க. கமெண்ட் போடுங்க, வேண்டாம்னு சொல்லலை, ஆனா அதை மட்டும் நம்பி உக்காந்துராதீங்க. 1969-ல கனெக்டிகட் மாநிலத்து டேரியன்ல ரெண்டு ரயில் நேருக்கு நேர் மோதினதுலருந்து, ரயிலைத் தானா நிறுத்துற சிஸ்டம் வேணும்னு, விபத்துகளை விசாரிக்கிற ஃபெடரல் அமைப்பான என்டிஎஸ்பி சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அவங்களால சிபாரிசு மட்டும்தான் பண்ண முடியும், ரூல் போட முடியாது. 2008 செப்டம்பர்ல கலிஃபோர்னியாவோட சாட்ஸ்வொர்த்ல மெசேஜ் அனுப்பிக்கிட்டே சிவப்பு சிக்னலைத் தாண்டின ஓட்டுனரால 25 பேர் செத்த பிறகுதான் அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டுச்சு, அதுவும் முழுசா நடைமுறைக்கு வந்தது 2020 கடைசியில.

உங்க ஒஹாயோல இருக்கிற ஈஸ்ட் பாலஸ்டைன் ஊரு எங்க வீட்லருந்து ரொம்ப தூரம் இல்ல. 2023 பிப்ரவரி 3 ராத்திரி அங்க ஒரு சரக்கு ரயிலோட 38 பெட்டி தடம் புரண்டுச்சு. அதுக்குக் காரணமான சக்கர பேரிங் சூடாகறது முன்னாடியே பதிவாகியிருக்கு: தண்டவாளத்து ஓரமா சூட்டை அளக்கற ஒரு டிடெக்டர்ல வெளி வெப்பத்தை விட 38 டிகிரி ஃபாரன்ஹீட் அதிகம், அடுத்ததுல 103, அதுக்கடுத்தது கிட்டத்தட்ட 20 மைல் தள்ளி, அங்க 253. அந்த 20 மைல்லதான் காலம் கடந்து போச்சு. எத்தனை மைலுக்கு ஒரு டிடெக்டர்னு அன்னைக்கு ஃபெடரல் ரூலே இல்ல!

அதனால உங்க சிட்டி கவுன்சில் மீட்டிங்குக்குப் போங்க. கிராசிங்குக்குப் பதிலா பாலம் கட்ட 2021 இன்ஃப்ராஸ்ட்ரக்சர் சட்டத்துல அஞ்சு வருஷத்துக்கு 300 கோடி டாலர் ஒதுக்கினாங்க, அந்த மாதிரி கிராண்டுக்கு சிட்டியோ கவுன்டியோ மாநிலமோதான் அப்ளை பண்ணணும், நீங்களும் நானும் தனியா பண்ண முடியாது. இப்ப எந்த கிராண்ட் திறந்திருக்குன்னு கவுன்சில்ல மைக் பிடிச்சுக் கேளுங்க, பதிவு பண்ணின விவரத்தை எல்லாம் பிரின்ட் எடுத்துக் கையில குடுங்க.

கிராசிங்பக்கம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நீல போர்டை இத்தனை நாளா பாத்துக்கிட்டே போறேன், எதுக்குன்னே தெரியாது. நாளைக்கே போட்டோ எடுக்கிறேன், கவுன்சில் மீட்டிங்குக்கும் போறேன், பக்கத்து வீட்டு நர்ஸம்மாவும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. டாக்கெட் எதுவும் இல்லைன்னா நாமளே இப்படி ஒரு ரூல் போடுங்கன்னு கேக்க முடியுமா? அந்தப் பசங்களை எடுத்த போட்டோ இருக்கு, அதையும் சேத்து அனுப்பலாமா?

விதிப்புத்தகம்:
கேக்கலாம், ரூல்மேக்கிங் பெட்டிஷன்னு அதுக்குப் பேரு, யார் வேணா போடலாம். என்ன ரூல் வேணும், ஏன் வேணும், அதால யாருக்கு என்ன நன்மை, செலவு எங்க வரும்னு தெளிவா எழுதுங்க. சட்டம் எழுதற நடை எல்லாம் தேவையில்ல. நீங்க தனியா போடறதை விட உங்க ஊர் ஃபயர் டிபார்ட்மென்ட்டும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டும் கூட கையெழுத்து போட்டா நல்லது, எத்தனை தடவை வண்டி சுத்திப் போக வேண்டியதாச்சுங்கற கணக்கு அவங்ககிட்டதான் இருக்கும்.

பசங்க போட்டோவை மட்டும் அனுப்பாதீங்க. டாக்கெட்ல ஏத்தினது உலகத்துக்கே தெரியும், உங்க போன் நம்பர், வீட்டு அட்ரஸையும் கமெண்ட்டுக்குள்ள எழுதிராதீங்க. அடையாள எண், தேதி, நேரம், பேக்கைத் தூக்கிப் போட்டுட்டு ஏறினாங்கங்கற விவரம், இவ்வளவு போதும். எழுதி முடிச்சதும் பேரை எடுத்துட்டு இங்க போடுங்க, படிச்சுப் பாத்துச் சொல்றேன்.