புதுப்பிப்பு: வீடு முழுக்க வெளிர் பிங்க் அடித்தாயிற்று

வீடு முழுவதும் ஒரே வெளிர் பிங்க் அடிக்கலாமா, கண்ணை உறுத்துமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேலை முடிந்துவிட்டது, எங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

நிறம் ஒன்றுதான், ஆனால் அறைக்கு அறை வேறு மாதிரி தெரிகிறது. வடக்குப் பார்த்த படுக்கையறையில் நேர் வெயில் விழாததால் லேசாகச் சாம்பல் கலந்தது போல அடங்கி நிற்கிறது. மேற்கு ஜன்னல் உள்ள கூடத்தில் சாயங்காலம் பீச் நிறத்துக்கே போய்விடுகிறது. ரெட் ஆக்சைடு தரையின் சிவப்பும் சுவரின் அடிப்பகுதியில் பட்டு நிறத்தைக் கூட்டுகிறது. சாம்பிள் அட்டையை மட்டும் நம்பாதீர்கள். தரையை ஒட்டிப் பெரிய பட்டையாக அடித்து, காலையிலும் இரவிலும் பாருங்கள்.

பல்பு அதைவிட முக்கியம். 6500 கெல்வின் எல்இடியில் (நீலம் தட்டும் வெள்ளை வெளிச்சம்) இந்த நிறம் வெளிறி, கொஞ்சம் ஊதா தட்டியது. மஞ்சள் கலந்த வெளிச்சம் தரும் 3000 கெல்வினுக்கு மாற்றியதும் சுவருக்கு உயிர் வந்தது.

சீலிங் வெள்ளைதான்.

அப்புறம், குழந்தைகள் அறை மாதிரி ஆகிவிடுமே என்று சிலர் சொல்லியிருந்தீர்கள். ஆகவில்லை. பழுப்புச் சாயல் கலந்த பிங்க்காகத் தேர்ந்தெடுத்தோம். தேக்குக் கதவுகளோடு அது அழகாகச் சேர்ந்துகொள்கிறது. சமையலறைக்கு மட்டும் அதே நிறத்தில் துடைக்கக்கூடிய எமல்ஷன் பெயிண்ட் வாங்கினோம், எண்ணெய்த் தெறிப்பு சுலபமாகப் போகிறது.