பட்டை வந்தது, வைரஸ் வரவில்லை: கொசுக் கணக்கெடுப்பில் உறுத்திய விஷயங்கள்

கொசுவைப் பிடித்து அதில் வைரஸ் தேடுபவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய குறிப்புகள் இவை. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.

பட்டைக்கால்

ஏடிஸ் ஆல்போபிக்டஸ், பெண் கொசுக்கள் மட்டும், 25 சேர்த்து அரைத்து ஒரு பூல். டெங்கு, ஜிகா, வெஸ்ட் நைல் அடங்கிய ஃபிளேவி வைரஸ் வகை அத்தனையையும் பிசிஆரில் (மரபுத் துண்டைப் பெருக்கிக் காட்டும் சோதனை) பிடிக்கிற என்எஸ்5 மரபணுப் பிரைமர் (இலக்கில் போய் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு). ஜெல்லில் சரியான இடத்தில் பளிச்சென்று ஒரு பட்டை, தண்ணீர் கன்ட்ரோல் சுத்தம். தனித்தனிப் பிரைமரில் போட்டால் டெங்கு நான்கு வகையும் நெகட்டிவ், ஜிகா நெகட்டிவ், வெஸ்ட் நைல் நெகட்டிவ். சி6/36 என்ற கொசு செல்லில் மூன்று சுற்று மாற்றி வளர்த்துப் பார்த்தும் செல்லில் எந்த மாற்றமும் இல்லை. பட்டை மட்டும் ஓட்டும்போதெல்லாம் வந்துகொண்டே இருந்தது.

விடை ஆர்டி என்சைம் சேர்க்காமல் ஓட்டிய குழாயில் கிடந்தது. அதிலும் அதே உயரத்தில் அதே பட்டை! ஆர்என்ஏவைப் படியெடுக்கும் என்சைம் இல்லாமலே பெருகுகிறது என்றால் அங்கே இருப்பது டிஎன்ஏ, ஃபிளேவி வைரஸோ ஆர்என்ஏ வைரஸ். ஏடிஸ் கொசுக்களின் குரோமோசோமிலேயே ஃபிளேவி வைரஸ் மாதிரியான பழைய துண்டுகள் செருகிக் கிடக்கின்றன, பொது பிரைமர் அதில் போய் ஒட்டிக்கொள்கிறது. டிஎன்ஏவை அழிக்கும் டிஎன்ஏஸ் என்சைம் போட்டு மறுபடி ஓட்டியதும் பட்டை காணாமல் போனது.

ஒற்றைக்குழாய் ஆர்டி-பிசிஆர் கிட் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதில் இரண்டு என்சைமும் கலந்தே வரும், ஆர்டியை மட்டும் விட்டுவிட முடியாது. அதே ஆர்என்ஏவை, டிஎன்ஏவை மட்டும் பெருக்கும் சாதாரண டாக் பாலிமரேஸில் தனியாக ஓட்டிப் பார்ப்பதுதான் வழி.

குளிர்ப்பெட்டி

டிஎன்ஏஸோடு கதை முடியாது. கியூலெக்ஸ் ஃபிளேவி வைரஸ் என்று ஒன்று இருக்கிறது. அது அசல் ஆர்என்ஏ வைரஸ், கொசுவுக்கு மட்டுமே உரியது, மனிதனைத் தொடாது. டிஎன்ஏஸ் போட்டாலும் பட்டை நிற்கும், சி6/36லும் வளரும். வெரோ என்ற குரங்கு செல்லில் வளராது. அதனால் ஒரே பூலை இரண்டு செல்லிலும் போடுங்கள், பட்டையை வெட்டி சீக்வென்ஸ் பண்ணுங்கள். சீக்வென்ஸ் பார்க்காமல் "ஃபிளேவி பாசிட்டிவ்" என்று அறிக்கை எழுதுவது வீண் பீதியைக் கிளப்பும்.

ஆனால் "செல்லில் வளரவில்லை" என்றதும் வைரஸே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பலமுறை வைரஸ் சாவது வழியில்தான். உலர் பனியில் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) அனுப்பிய பெட்டியைத் திறந்து, குழாய் உருகும்போது பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய மீடியம் (மாதிரி கலந்த திரவம்) எலுமிச்சை மஞ்சளில் இருக்கும். மூடியின் இடுக்கு வழியே கார்பன் டை ஆக்சைடு உள்ளே போய் அமிலமாகிவிட்டது என்று அர்த்தம். ஃபிளேவி வைரஸுக்கு அமிலம் ஆகவே ஆகாது. பிசிஆரில் ஆர்என்ஏ கொஞ்சம் தெரியும், செல்லில் உயிர் இருக்காது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். அமுக்கி மூடும் குழாய் வேண்டாம், உள்ளே ரப்பர் வளையம் உள்ள திருகு மூடிக் குழாய் எடுங்கள். மூடியைச் சுற்றி பாராஃபிலிம், அதற்கு மேல் இரண்டு ஜிப் பை. பெட்டி வந்து சேர்ந்ததும் குழாயை உடனே உருக்காமல் மைனஸ் 80ல் ஓர் இரவு வையுங்கள், ஒட்டியிருக்கும் வாயு வெளியேறும். குழாயைத்தான் இறுக்கி மூட வேண்டும். உலர் பனி இருக்கும் வெளிப்பெட்டியை ஒருபோதும் காற்றுப் புகாமல் மூடக் கூடாது, வெடித்துவிடும்.

இனம் பிரிக்கும்போதும் குளிர் தட்டு மேலேயே வேலை நடக்கட்டும். தட்டில் ஈரம் கோத்தால் இறக்கை ஒட்டி, இனம் காட்டும் செதில் உரியும். அடியில் வடிகட்டும் தாள் போடுங்கள். ஒரு தட்டில் 30, 40 கொசுவுக்கு மேல் கொட்ட வேண்டாம், மீதி ஃப்ரீசரிலேயே இருக்கட்டும். உருகி உறைந்து, மறுபடி உருகினால் ஒவ்வொரு தடவையும் வைரஸ் அளவு இறங்கும். அரைத்த கரைசலையும் ஆரம்பத்திலேயே மூன்று நான்கு சிறு குழாயாகப் பிரித்து வைத்தால், பிசிஆருக்கு எடுத்தது செல்லுக்கு வேண்டியதைக் கெடுக்காது.

வயல்வரப்பு

ஆய்வகத்துக்குப் போறதுக்கு முன்னாடி கொசு பையில இருக்கணுமே.

சிடிசி ஒளிப்பொறி (விளக்கும் விசிறியும் வச்சு கொசுவைப் பைக்குள்ள இழுக்கிற பொறி), தரையிலிருந்து ஒன்றரை மீட்டர், கொசுவை வரவழைக்க பக்கத்துல உலர் பனி. காலையில பையை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா அடியில பொடிப்பொடியா இறக்கையும் காலும் மட்டும். உடம்பு ஒண்ணுகூட இல்லை. பொறியைத் தொங்கவிட்ட கயிறு முழுக்க எறும்பு வரிசை, மேலே போறது வெறுங்கையோட, கீழே இறங்குறது ஒவ்வொண்ணும் வாயில ஒரு வயிறைக் கவ்விக்கிட்டு. பூல் பண்ண என்ன இருக்கு அதுல?

கயிறுல ஒரு சாண் நீளத்துக்கு கிரீஸ் தடவினா எறும்பு ஏறாது. பொறி இலையிலோ சுவரிலோ உரசக் கூடாது, உரசினா எறும்பு அந்தப் பக்கமா வந்துடும். இன்னொண்ணு, 6 வோல்ட் பேட்டரி விடியறதுக்குள்ள இறங்கினா விசிறி நின்னு, பிடிபட்டதெல்லாம் மேல்வழியா பறந்துடும். காலையில முதல்ல பையோட கழுத்தைக் கட்டணும், அப்புறம்தான் வயரைக் கழட்டணும். இந்த வரிசை மாறினா அவ்வளவுதான்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தேடுறவங்களுக்கு ஒளிப்பொறியைவிட மாட்டுக்கொட்டகைதான் லாபம். பொழுது சாஞ்சதிலிருந்து ஒரு மணி நேரம் ஆஸ்பிரேட்டரும் (கொசுவை உறிஞ்சிப் பிடிக்கிற குழாய்) டார்ச்சும் போதும். அந்த நோயைப் பரப்புற கியூலெக்ஸ் டிரைடேனியோரிங்கஸ் கொசு மாட்டு மேலேயும் கூரை உள்பக்கத்திலும் அப்படியே உட்கார்ந்திருக்கும், செதிலும் கெடாது.

மங்கல்பொழுது

கொட்டகை லாபம்தான், எண்ணிக்கையில். வைரஸ் தேட அது சிறந்த இடம் என்பதை ஏற்க முடியவில்லை. அங்கே பிடிபடுவதில் பெரும்பகுதி வயிறு சிவந்து உப்பியிருக்கும். அதை அப்படியே அரைத்தால் முதல் சிக்கல், இரத்தத்தின் ஹீம் பிசிஆரை அமுக்கும், இருக்கிற வைரஸும் தெரியாமல் போகும். இரண்டாவது, பாசிட்டிவ் வந்தாலும் அது கொசுவுக்குள் பெருகிய வைரஸா, சற்றுமுன் குடித்த இரத்தத்தில் இருந்ததா என்று சொல்ல முடியாது. மாடு இந்த வைரஸுக்கு முட்டுச்சந்து, அதன் இரத்தத்தில் கொசுவுக்குத் தொற்றும் அளவு வைரஸ் சேராது. ஆனால் அதே கொட்டகைக்குப் பின்னால் பன்றியும் கொக்கும் இருந்தால்? எந்தக் கொசு எதைக் குடித்தது என்று நெற்றியில் எழுதியிருக்காது.

இரத்தம் குடித்ததைத் தனியாக வலைக்கூண்டில் போட்டு, 10 சதவீத சர்க்கரைத் தண்ணீர்ப் பஞ்சு வைத்து, இரத்தம் செரித்து வயிறு வெளுக்கும் வரை வைத்திருந்து பிறகு உறைய வையுங்கள். அதற்கும் மேலே உறுதி வேண்டுமானால் கால்களைப் பிய்த்துத் தனிக் குழாயில் போட்டு ஓட்டலாம். காலில் வைரஸ் தெரிந்தால் குடல் சுவரைத் தாண்டிவிட்டது என்று பொருள். எச்சிலில் வருகிறதா என்பது அப்போதும் தனிக் கேள்விதான்.

கியூலெக்ஸ் குவின்குவிஃபேசியாட்டஸுக்கு முட்டையிட வரும் கொசுவைப் பிடிக்கும் பொறி இருக்கிறது, ஏன் யாரும் சொல்லவில்லை? காய்ந்த புல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டு மூடி, ஐந்து முதல் ஏழு நாள் புளிக்க விட்டு, அந்த நாற்றத் தண்ணீரைத் தட்டில் ஊற்றினால் போதும். அங்கே வருவது ஏற்கெனவே ஒருமுறையாவது இரத்தம் குடித்துச் செரித்த கொசு. ஒளிப்பொறியில் விழுவதில் கணிசமானவை இன்னும் ஒரு தடவைகூடக் கடிக்காதவை, அவற்றில் வைரஸ் தேடுவது காலிப் பாத்திரத்தைச் சுரண்டுவது மாதிரி.

பட்டைக்கால்

செதில் பற்றி வந்ததால் ஒன்று. விசிறி வழியாக வந்த ஏடிஸின் முதுகு பெரும்பாலும் மொட்டையாகத்தான் இருக்கும். எஜிப்தியின் யாழ் வடிவக் கோடும் போயிருக்கும், ஆல்போபிக்டஸின் ஒற்றை வெள்ளிக் கோடும் போயிருக்கும். முதுகை விட்டுவிட்டு உறிஞ்சுகுழலுக்கு மேலே உள்ள முகமேட்டைப் பாருங்கள். பெண் எஜிப்தியில் அங்கே இரண்டு வெள்ளைச் செதில் திட்டு, ஆல்போபிக்டஸில் வெறும் கறுப்பு. அந்த இடம் சுலபத்தில் உரசாது.

கியூலெக்ஸ் விஷ்ணுய் கூட்டத்துக்கு இப்படி ஒரு சலுகை இல்லை. டிரைடேனியோரிங்கஸ், விஷ்ணுய், சூடோவிஷ்ணுய் மூன்றும் செதில் உரிந்துவிட்டால் அண்ணன் தம்பிதான். நிச்சயமில்லாததை "விஷ்ணுய் கூட்டம்" என்றே எழுதி, பூல் செய்வதற்கு முன் ஒரு காலை எடுத்துவைத்து சிஓஐ பார்கோடு (இனத்தைக் காட்டும் மரபணு வரிசை) பாருங்கள். அரைத்த பிறகு கேட்டால் பதில் வராது.

கணக்குப்பிள்ளை

எல்லாரும் பாசிட்டிவ், நெகட்டிவ் என்கிறீர்கள், எத்தனை கொசுவில் என்று சொல்வதில்லை. 50 வீதம் 20 பூல், மொத்தம் 1000 கொசு. 2 பூல் பாசிட்டிவ் என்றால் குறைந்தபட்சத் தொற்று விகிதம் ஆயிரத்துக்கு 2. இது வரை சரி. 10 பூல் பாசிட்டிவ் ஆனால் அதே சூத்திரம் ஆயிரத்துக்கு 10 என்று சொல்லும், ஏனென்றால் ஒரு பூலில் ஒரே ஒரு கொசுதான் தொற்றியது என்று அது வைத்துக்கொள்கிறது. ஒரு பூலில் பல கொசு தொற்றியிருக்கலாம் என்பதையும் கணக்கில் எடுக்கும் அதிகபட்ச நிகழ்தகவு மதிப்பீட்டில் போட்டால் கிட்டத்தட்ட 13.8 வரும். பாசிட்டிவ் பெருகப் பெருக இந்த இடைவெளியும் கூடும்.

ஒரு பூலும் பாசிட்டிவ் ஆகவில்லையா? 1000 கொசுவில் பூஜ்யம் என்றால் உண்மை விகிதம் ஆயிரத்துக்கு 3 வரை இருக்க இன்னும் இடமுண்டு. 80 கொசு பிடித்துவிட்டு "இந்தப் பகுதியில் வைரஸ் இல்லை" என்று எழுதும் அறிக்கைகளை என்ன சொல்ல! பூலில் ஒரே இனம், ஒரே இடம், ஒரே தேதி, ஒரே பாலினம் இருக்கட்டும். எண்ணிக்கை நிரம்ப வேண்டும் என்று இரண்டு இடத்தைக் கலக்காதீர்கள். 7 கொசு இருந்தால் அது 7 கொசு பூல்.

வயல்வரப்பு

மங்கல்பொழுது சொன்ன வலைக்கூண்டு நல்ல யோசனைதான், ஆனா களத்துல கூண்டு வைக்கிற மேசையோட நாலு காலும் தண்ணிக் கிண்ணத்துல நிக்கணும். சர்க்கரைப் பஞ்சு வாசனைக்கு எறும்பு வந்துடும். தண்ணியில ரெண்டு சொட்டு சோப்பு விடுங்க, இல்லேன்னா மேல்பரப்புல மிதந்தே தாண்டிடும்.

கயிறுக்கு வாஸ்லின் போதுமான்னு தனியா கேட்டிருந்தாங்க. போதாது, வெயில் ஏறினா உருகி வழிஞ்சு பை மேலே சொட்டும். கெட்டியான பேரிங் கிரீஸ் போடுங்க.