புத்தம் வீடு நாவல தாத்தாவுக்கு வாசிச்சு காட்டுன அனுபவம்

பி.ஏ. தமிழ் ரெண்டாம் வருசம் படிக்கேன், கன்னியாகுமரி மாவட்டத்துல கருங்கல் ஊரு பக்கம் வீடு. இந்த செமஸ்டர் நாவல் பேப்பருக்கு ஹெப்சிபா ஜேசுதாசன் எழுதுன புத்தம் வீடு, 1964ல வந்தது. கைடுல பாத்தீங்கன்னா பெரிய வீட்டுப் பிள்ளை லிஸிக்கும் பனையேறி மகன் தங்கராஜுக்கும் காதல்னு சுருக்கம் போட்டு முடிச்சிருக்கான். அத மட்டும் படிச்சா பழைய சினிமா கதைன்னு தான் தோணும்.

எனக்க தாத்தா முட்டு வலி வர்ற வரைக்கும் பனை ஏறுனவரு. அசைன்மென்டுக்கு அவருட்ட ரெண்டு விசயம் கேக்கலாம்னு புக்கோட போனேன், "நீ மொதல்ல வாசி பிளே, கேக்கேன்"னாரு, பெறவு தெனமும் ராத்திரி சாப்பாடு முடிஞ்சா இதுதான் வேலை, பாட்டியும் பாத்திரத்த அப்பிடியே போட்டுட்டு வந்து உக்காந்துருவா.

லிஸி பெரியவளானதும் பள்ளிக்கூடத்த நிறுத்தி வீட்டோட வச்சிருவாங்கல்லா, அந்த எடத்த பாட்டி திரும்ப வாசிக்கச் சொன்னா. "என்னயுந்தான் படிப்ப நிறுத்துனாவ, ஆனா எனக்கு வெளையில (தோட்டத்துல) வேல கெடந்துது, வெறகு பெறக்கணும், அக்கானி (பதநீர்) காய்ச்சணும், நாலு பேர பாக்கலாம். அந்தப் பிள்ளைக்கு அதுவும் இல்லியே"ன்னா. க்ளாஸ்ல இத பெண்ணடிமைத்தனம்னு ஒரே தலைப்புல எழுதிப் போட்டுட்டு அடுத்த பாடத்துக்கு போயாச்சு. காசுள்ள வீட்டுல அடைப்பு கூடுதல்ங்கிறத யாரும் பேசல.

தாத்தா வேற மாதிரி. பனை வர்ற எடத்துல எல்லாம் நிறுத்தச் சொல்லுவாரு. காலைல ஒருக்கா சாயங்காலம் ஒருக்கா ஒரே பனையில ஏறணும், பாளைய சீவணும், கலயத்துல சுண்ணாம்பு தடவலன்னா அக்கானி புளிச்சு கள்ளா போவும், மழை பெஞ்சா தடி வழுக்கும், இப்பிடி அவரு சொல்லச் சொல்ல ஒரு அதிகாரத்த முடிக்கவே ராத்திரி ஆயிரும். கடைசில சொன்னாரு, "கத கொள்ளாம். ஆனா எல்லாம் வீட்டு முற்றத்துல நின்னு பாத்ததுல்லா. பனைக்க மேல இருந்து பாத்தா அந்த வீடு எப்பிடி தெரியும்னு எங்கயும் வரலியே."

எந்த நோட்ஸ்லயும் இப்பிடி ஒரு விமர்சனம் நான் பாக்கல. அதுக்காக முழுசா ஒத்துக்கவும் மனசு வரல, லிஸியே வெளிய போக முடியாதவ, அவளுக்கு தெரிஞ்ச அளவு தானே கதைக்கும் தெரியணும், தங்கராஜ் கூடவே பனையில ஏறுனா அது வேற நாவலா போயிரும்லா. ரெண்டையும் எழுதி அசைன்மென்ட்ட குடுத்துட்டேன். மிஸ் ஓரத்துல ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்காங்க, எதுக்குன்னு தெரியல.

உங்களுக்கு இப்பிடி பாடப் புக்க வீட்டுல வாசிச்ச அனுபவம் இருந்தா எழுதுங்க.

பதில் 1

நல்லா இருக்கு மக்கா. நான் நாகர்கோவில், எங்களுக்கு சுந்தர ராமசாமிக்க ஒரு புளியமரத்தின் கதை இருந்துது, 1966ல வந்தது. கதையில அந்தப் புளியமரம் நின்ன ஜங்ஷன் நம்ம ஊரு வேப்பமூடு தான்னு சொல்லுவாங்கல்லா, நானும் கூட்டுக்காரனும் க்ளாஸ் முடிஞ்சு நேரா போய் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவுல நின்னு மரம் எங்க இருந்திருக்கும்னு தேடுனோம். ஜூஸ் கடைக்காரர் சிரிச்சிட்டு "மரத்த தேடி பிள்ளையளு வரும், ஆளுக்கொரு எடத்த காட்டுவோம்"னாரு. நாவல்ல வர்ற தாமோதர ஆசான் கதை அளக்குறது எப்பிடின்னு எனக்கு அங்க வச்சு தான் பிடிகிட்டுச்சு, பரிட்சைக்கு "ஆசானின் பாத்திரப் படைப்பு"ன்னு மனப்பாடம் பண்ணுனப்ப ஒண்ணும் ஏறல.

பதில் 2

முதல்ல எழுதுன ஆளு தான். அத படிச்சிட்டு, அடுத்து புளியமரம் வாசிக்கட்டான்னு தாத்தாட்ட கேட்டேன். "புளிய மரமா, அதுல எவனும் ஏறுவான்"னாரு, பெறவு "செரி, வாசி"ன்னாரு. யாருட்டயாவது காலச்சுவடு பதிப்பகம் போட்ட புக் இருந்தா தாங்க, லைப்ரரில உள்ளதுல நடுவுல கொஞ்சம் பக்கம் இல்ல.