ஊர் சுற்றிப் பார்த்த அன்று மனத்தில் சிக்கிக்கொண்டது எது?

முத்தியால்பேட்டைக்காரன்:
போன கார்த்திகையில் கோயம்புத்தூரிலிருந்து மாமா குடும்பம் புதுச்சேரிக்கு வந்திருந்தது, ஒரே நாளில் எல்லாம் பார்த்தாக வேண்டுமாம். காந்தி சிலை, ஆயி மண்டபம், மணக்குள விநாயகர், மியூசியம் எல்லாம் ஓட்டமாக முடிந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம், ரோமாபுரியோடு வியாபாரம் நடந்த பழைய துறைமுகம், அரிக்கமேடு போகலாம் என்று வாயைக் கொடுத்தேன். மாந்தோப்பு, ஆற்றங்கரை, பாதிரிமார் கட்டி இடிந்துபோன செங்கல் சுவர், அவ்வளவுதானே அங்கே! "இதுக்கா ஆட்டோ பிடிச்சோம்?" என்று அத்தை கேட்டேவிட்டார்.

முதல் நாள் நல்ல மழை. எட்டு வயசுப் பையன் ஒருவன் எங்கிருந்தோ வந்து என் முன்னால் உள்ளங்கையை விரித்தான். மிளகைவிடச் சின்னதாக நாலைந்து கண்ணாடி மணிகள், ஒன்று செங்கல் சிவப்பு. துளையில் மண் அடைத்திருந்தது. "மழ பேஞ்சா வரும்ணே" என்றான். காசு கேட்கவே இல்லை. நான்தான் இருபது ரூபாயைத் திணித்துவிட்டு அந்தச் சிவப்பை எடுத்துக்கொண்டேன். இரண்டாயிரம் வருஷத்து ரோமாபுரி மணி! தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன், வீட்டில்கூட யாருக்கும் காட்டவில்லை.

அரியாங்குப்பம் பழசு:
அது ரோமாபுரி மணி இல்லை ஐயா. எல்லோரும் இப்படியே சொல்லிச் சொல்லி… ரோமிலிருந்து வந்தது ஒயின் ஜாடி, இத்தாலிச் சிவப்புக் கிண்ணம், இந்த மாதிரி. 1945இல் தொல்லியல்காரர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டினார், அப்புறம் கசால் என்ற பிரெஞ்சுக்காரர். மணி நம் ஆட்கள் செய்தது. கண்ணாடியை உருக்கிக் குழாயாக இழுத்துத் துண்டு துண்டாக வெட்டுவார்கள். இங்கிருந்து கப்பலேறிப் போன சரக்கு அது. என் கதை ஒன்றும் பெரிசில்லை, மியூசியத்தில் உடைந்த ஜாடிப் பிடி ஒன்றைப் பார்த்து என் மகள் "அப்பா, நம்ம வீட்டு ஊறுகாய் ஜாடி" என்றாள். சிரித்துவிட்டேன், ஆனால் அதன் பிறகு வேறெதிலும் கண் போகவில்லை.

கடலூர் ஓ.டி.:
சிதம்பரம், கிழக்குக் கோபுர வாசல். நடன நிலைகளான நூற்றெட்டுக் கரணமும் சிலையாக இரண்டு பக்கச் சுவரிலும் நிற்கிறது, ஜனம் எல்லாம் குனிந்து செருப்பு டோக்கனைத் தேடிக்கொண்டே உள்ளே போகிறது. ஒரு பாட்டி மட்டும் பேத்தியிடம் மேலே காட்டி "இதைப் பண்ணு பார்ப்போம்" என்றார். அந்தக் குட்டி பள்ளிக்கூட யூனிஃபார்மிலேயே காலை நெற்றி வரை தூக்கி நின்றது, மூன்று எண்ணுவதற்குள் என் மேலேயே சாய்ந்துவிட்டது.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன், காலையிலேயே போய்விடுங்கள், உச்சிகாலம் முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள், சாயங்காலம்தான் திறப்பு. நடராஜர் சன்னிதிக்கு முன்னால் இருக்கும் கனகசபை மேடையில் ஏற ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், கைக்குழந்தை இருந்தால் அதைப் பிடிக்க ஓர் ஆள் கூட வரட்டும். நடராஜரும் கோவிந்தராஜப் பெருமாளும் ஒரே இடத்தில் நின்றால் தெரிவார்கள், அந்த இடத்தைக் கேட்டுப் போய் நில்லுங்கள். வெயிலில் பிரகாரக் கல் சுடும். பிச்சாவரத்தையும் அதே நாளில் சேர்க்காதீர்கள், இரண்டும் கெடும். சாப்பாட்டுக்குக் கத்தரிக்காய் கொத்சு இருக்கிற இடமாகப் பாருங்கள்.

வில்லியனூர் அக்கா:
கொத்சு இருக்கட்டும். முத்தியால்பேட்டைத் தம்பி, நீ செய்தது தப்பு. பாதுகாக்கப்பட்ட இடத்துப் பொருள் அது. மழையில் தானாக வந்ததைப் பொறுக்கிய பிள்ளை, நாளைக்கு இருபது ரூபாய்க்காகக் குச்சியை வைத்துத் தோண்டும். பேசாமல் மியூசியத்தில் கொண்டுபோய்க் கொடு.

முத்தியால்பேட்டைக்காரன்:
கொடுக்கலாம் அக்கா, மியூசியத்து வாசல் வரைக்கும் ஒரு தடவை போனேன்கூட. எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது என்று கேட்டால் அந்தப் பையனைக் கைகாட்ட வேண்டி வருமே என்று திரும்பிவிட்டேன். அவன் கையில் மிச்சம் இருந்த மணிகளை என்ன செய்தான் என்றும் தெரியவில்லை. ஓ.டி. சார், அந்தக் கொத்சு எந்தத் தெருவில்?