சுங்கை பட்டாணி அத்தை வீட்டில் ஏழு நாட்கள்

அத்தை கேட்டது ஒரே ஒரு பொருள்தான். கோரைப் பாய்.

"பிளாஸ்டிக் பாயி இங்க எல்லாக் கடையிலயும் கிடைக்கும் தம்பி. கோரையில பின்னுனது வேணும். எங்கப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்று மலேசியாவின் சுங்கை பட்டாணியிலிருந்து போனில் சொன்னார். கீழ்வேளூர் பக்கம் எங்கள் ஊரில் ஒரு பாய் வாங்கிச் சுருட்டி, பழைய வேட்டியில் சுற்றி, கயிறு கட்டித் திருச்சி விமான நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அம்மா, மனைவி, பத்தாவது முடித்த மகள், ஆறாவது முடித்த மகன், நான். 2024 மே மாதம், மொத்தம் பதினொரு நாள் பயணம். எங்கள் வீட்டில் யாருக்கும் அதற்கு முன் பாஸ்போர்ட்டே கிடையாது.

அத்தை என்றால் அப்பாவின் உடன்பிறந்தவர் இல்லை. எங்கள் தாத்தாவின் தம்பி 1937-இல் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். மறு வருஷமே இங்கிருந்து கூலியாட்கள் போவதற்கு இந்திய அரசு தடை போட்டது. ஒரு வருஷம் தள்ளியிருந்தால் அவர் வாழ்க்கை எங்கள் ஊரிலேயே போயிருக்கும். அவர் திரும்பி வரவே இல்லை. அங்கேயே பிறந்த அவருடைய மகள்தான் இந்த அத்தை. 1975-இல் எங்கள் அப்பா கல்யாணத்துக்கு 'சிதம்பரம்' கப்பலில் வந்து ஒரு மாதம் தங்கிப் போனார். அப்போது அவருக்கு 24 வயது, புதுப்பெண்ணான அம்மாவுக்கு 21. அதற்கப்புறம் இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. 49 வருஷம்.

போக நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம் என்று ஆக்கியிருந்தார்கள், அதில்தான் போனோம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை ஒன்றை நிரப்ப வேண்டும். குழந்தைகளுக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும், மறந்துவிடாதீர்கள். கைப்பேசி சார்ஜருக்கு அங்குள்ள சதுர முள் பிளக்குக்கான அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தை எல்லாரும் ரிங்கிட் என்று எழுதினாலும் நம் மக்கள் வாயில் அது 'வெள்ளி'தான், சில்லறை 'காசு'. நாங்கள் போனபோது ஒரு வெள்ளிக்கு 17 ரூபாய்க்குச் சற்று மேல்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. மாத்திரைகளைப் பெட்டியில் வைக்காதீர்கள். கோலாலம்பூரில் இறங்கியபோது பாய் வந்துவிட்டது, அம்மாவின் பெட்டி வரவில்லை. ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் அதற்குள். விமான நிறுவனத்தின் மேசையில் ஒரு மணி நேரம் நின்றோம். நாளைக்கு வரும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். மருந்துச் சீட்டை மகள் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தோம். அதைக் காட்டி ஒரு கிளினிக்கில் மூன்று நாளைக்கு மாத்திரை வாங்கினோம். பெட்டி இரண்டாம் நாள் ஓட்டலுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் முதல் நாள் இரவு முழுக்க அம்மா தூங்கவில்லை. "நான் வராமலே இருந்திருக்கலாம்" என்று இரண்டு முறை சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு கனத்துப் போனது.

கோலாலம்பூரில் இரண்டு நாள். பத்துமலை போனோம். 140 அடி முருகன் சிலையைப் படத்தில் எத்தனை முறை பார்த்திருந்தாலும், அடிவாரத்தில் நிற்கும்போது கழுத்து வலிக்கும் அளவுக்கு அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. குழந்தைகள் 272 படியும் எண்ணிக்கொண்டே ஏறினார்கள். முழங்கால் வலியால் அம்மா கீழேயே உட்கார்ந்து கும்பிட்டுக்கொண்டார். இரட்டைக் கோபுரத்துக்கு முன் எல்லாரையும் போலப் படம் எடுத்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் காலை ரயில். நாலு மணி நேரத்துக்கு மேல் வடக்கே போக வேண்டும். ஜன்னலுக்கு வெளியே எண்ணெய்ப்பனை, எண்ணெய்ப்பனை, மறுபடியும் எண்ணெய்ப்பனை. அதைத் தாண்டியதும் திடீரென்று பச்சை வயல். "நம்ம ஊரு மாதிரி இருக்கே" என்று அம்மா எழுந்து உட்கார்ந்தார். கெடா மலேசியாவின் நெற்களஞ்சியம் என்று அப்போதுதான் மகள் படித்துச் சொன்னாள்.

நிலையத்தில் மச்சானும் அத்தையும் நின்றிருந்தார்கள். அத்தை சுருட்டிய பாயைப் பார்த்தார், அப்புறம் அம்மாவைப் பார்த்தார். "அண்ணி, பசியாறிட்டீங்களா?" என்றார். 49 வருஷம் கழித்து முதல் வார்த்தை அதுதான். மலேசியத் தமிழர்களுக்குப் பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு. நாகூர்ப் பக்கம் முஸ்லிம் வீடுகளிலும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதால் அம்மாவுக்கு உடனே புரிந்தது. "இல்லம்மா, உன் கையால சாப்பிடலாம்னு வந்தேன்" என்றார். இருவரும் நடைமேடையிலேயே கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அத்தை வீடு ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. பின்பக்கம் சிமெண்ட் போட்ட பத்தடி இடம், அதில் தொட்டியில் கறிவேப்பிலை, பாண்டான் இலை, ஒரு சுண்டைக்காய்ச் செடி. அதை அத்தை 'கொல்லை' என்கிறார். "கொல்லைல துணி காயுது, எடுத்தா தம்பி." எங்கள் தஞ்சை, நாகைப் பக்கத்துச் சொல் அது. அவர் பிறந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். தஞ்சை மண்ணில் ஒரே ஒரு மாதம்தான் இருந்திருக்கிறார். அவருடைய அப்பாவின் வாயிலிருந்து வந்த சொல், ஒரு மாற்றமும் இல்லாமல் அங்கே இருந்தது. என் மகள் அதே இடத்தைப் 'பேக் யார்டு' என்றாள். அன்றிலிருந்து வீட்டில் கொல்லை என்றுதான் சொல்ல வேண்டும் என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

சாப்பாட்டைப் பற்றி எழுதினால் நிற்காது. காலையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, அதற்கு நெத்திலி சம்பால். மாலையில் மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், ரொட்டி சானாய் என்ற பரோட்டாவும் தே தாரிக் என்ற ஆற்றிய பால் டீயும். மதியம் மட்டும் அத்தை விட்டுக்கொடுக்கவில்லை, தினமும் சோறும் குழம்பும்தான். அவர் வைத்த கருவாட்டுக் குழம்பில் எங்கள் பாட்டி போடுவது போலவே கடைசியில் ஒரு துண்டு மாங்காய்.

நான்காம் நாள் ரப்பர் மரம் பார்க்க வேண்டும் என்று மகன் கேட்டான். அத்தை வேலை பார்த்த தோட்டம் இப்போது வீடுகளாகிவிட்டது, கோயில் மட்டும் நிற்கிறது. மச்சானின் நண்பருக்குப் பக்கத்தில் கொஞ்சம் மரங்கள் இருந்தன. விடியுமுன்பே கூட்டிப்போனார். பால் நன்றாக இறங்குவது குளிர்ச்சியான நேரத்தில்தான் என்பதால் அந்தக் காலத்தில் இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய்ப் பெயர் கொடுத்து நிற்பார்களாம். அத்தை முப்பது வருஷம் பால்மரம் சீவியவர். 73 வயதில் அந்த வளைந்த கத்தியைக் கையில் வாங்கினார். ஏற்கனவே சீவியிருந்த சாய்வுக் கோட்டில் இடது மேலிருந்து வலது கீழாக ஒரே இழுப்பு. தாள் போல மெல்லிய பட்டை சுருண்டு விழுந்தது. இரண்டு மூச்சு நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் வெட்டு நெடுக வெள்ளைப் புள்ளிகள் முளைத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கோடாக ஓடி மங்கு என்ற கிண்ணத்துக்குள் சொட்ட ஆரம்பித்தது. "ஆழமா போனா மரத்துக்குக் காயம். மேலாப்புல போனா பால் வராது. அப்பா எனக்குப் பன்னெண்டு வயசுல கத்துக்கொடுத்தாரு" என்றார். பால் நிறைந்த வாளிகளைக் காண்டா என்ற தோள் தடியில் மாட்டித் தூக்கிக்கொண்டு மேடு இறங்குவதை நடந்தே காட்டினார். என் மகன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். கீழே விழுந்த அந்தப் பட்டைச் சுருளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

பூஜாங் பள்ளத்தாக்குக்கும் போனோம். மெர்போக்கில், ஜெராய் மலை அடியில் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய கோயில்களின் கல் அடித்தளங்களை அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ராஜேந்திர சோழன் 1025-இல் படை அனுப்பிய கடாரம் இந்தப் பகுதிதான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் எனக்கு மனதில் நின்றது இன்னொன்று. அதற்கு முன்னால், ராஜராஜன் காலத்தில், கடாரத்து அரசன் எங்கள் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்த விகாரத்தைக் கட்ட, அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாகக் கொடுத்தான். ஆனைமங்கலம் எங்கள் கீழ்வேளூர் பக்கம். அந்தக் கல் படிகளில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது அத்தை, "அப்ப நம்மளுக்கு முன்னாடியே போக்குவரத்து இருந்திருக்கு" என்றார்.

பினாங்குக்கு ஒரு நாள் போய் வந்தோம். பட்டர்வொர்த்திலிருந்து படகில் போவதுதான் அழகு. பினாங்கு மலை ரயில் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். தண்ணீர்மலை முருகன் கோயிலை அடிவாரத்திலிருந்தே பார்த்தோம்.

ஆறாம் நாள் மாலை மச்சான் எங்களைக் கோத்தா கோலா மூடா என்ற மீனவர் ஊருக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு நினைவிடம். சுனாமியில் உடைந்த மீன்பிடிப் படகுகளையே அடுக்கி வைத்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பக்கம் காலை ஒன்பது மணி வாக்கில் வந்த அதே கடல், அங்கே மதியம் வந்திருக்கிறது. சுமத்ரா தீவு குறுக்கே நின்றதால் மலேசியாவில் இழப்பு குறைவு, ஆனாலும் 68 பேர் போனார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல். அம்மா அந்தப் படகுகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. எங்களுக்குத் தெரிந்த எத்தனையோ முகங்கள் அந்த ஒரு காலையில் இல்லாமல் போயின.

"அன்னைக்கு அண்ணனுக்குப் போன் போட்டுக்கிட்டே இருந்தேன் அண்ணி. லைனே போகல. மூணாம் நாளுதான் கிடைச்சுச்சு" என்றார் அத்தை. அங்கே எங்கள் வீட்டில் அப்பாவும் தபால் நிலையத்துக்குப் பக்கத்து பூத்தில் போய் நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை அலமாரி மேலிருந்து ஒரு பழைய மைலோ டப்பாவை இறக்கினார். உள்ளே அப்பாவின் கடிதங்கள். பெரும்பாலும் நீல நிற ஏர்மெயில் தாள்கள். நான் பிறந்தது, நிலம் விற்றது, தங்கை கல்யாணம், எல்லாம் அந்தச் சாய்ந்த கையெழுத்தில். அப்பா இறந்து ஐந்து வருஷம் ஆகிறது. அவர் எழுத்து எங்கள் வீட்டில் இரண்டு கணக்கு நோட்டில்தான் இருக்கிறது. இங்கே ஒரு டப்பா நிறைய இருந்தது.

2005 ஜனவரியில் எழுதியதை அத்தை தேடி எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். கண்ணாடி போட்டும் அம்மாவுக்கு எழுத்து பிடிபடவில்லை, மகள் படித்தாள். ஊரில் யார் யார் போனார்கள் என்று எழுதிவிட்டு, கடைசியில் இப்படி ஒரு பத்தி. 'அன்று காலை மீன் வாங்க அக்கரைப்பேட்டைக்குக் கிளம்பினேன். தெருமுனையில் சைக்கிள் பஞ்சர். ஒட்டுகிறவன் கடை திறக்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன். உன் அண்ணியிடம் இதைச் சொல்லவில்லை. பயந்துவிடுவாள். நீயும் சொல்ல வேண்டாம்.'

அக்கரைப்பேட்டையில் அன்று என்ன நடந்தது என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா மகளை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். அப்புறம் கடிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "அந்தச் சைக்கிள நான் பழைய இரும்புக்குப் போட்டுட்டேனே" என்றார். அத்தை எழுந்து போய்ப் புதுக் கோரைப் பாயைக் கூடத்தில் விரித்தார். அன்று இரவு இருவரும் கட்டிலை விட்டுவிட்டு அதில்தான் படுத்தார்கள். நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது மணி இரண்டு. இன்னும் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கிளம்பும் நாள் அத்தை அந்த ஒரு கடிதத்தை மட்டும் அம்மாவிடம் கொடுத்தார். மற்றதெல்லாம் தனக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டார், அது நியாயம்தான். கோலாலம்பூர் விமான நிலையத்தில் பெட்டிகளை எடை போட்டபோது, எல்லாம் சரியா என்று அம்மாவிடம் கேட்டேன். கைப்பையைத் திறந்து காட்டினார். மாத்திரை டப்பா, அதற்குக் கீழே பிளாஸ்டிக் உறையில் மடித்த நீலத் தாள்.