கோல் கம்பத்தை விட்டு வெளியே வந்தவர்கள்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் காற்பந்துக் குழுவின் பயிற்றுநர் அண்ணன் ஒரு பழைய கோல்கீப்பர். வலது கை சுண்டுவிரல் கோணலாக இருக்கும், கேட்டால் "பந்து பிடிச்ச கூலி" என்பார். எதிரணிக்காரன் அடிக்கக் காலைத் தூக்கினால் போதும், கோட்டுக்கு வெளியே நிற்கும் இவர் உடம்பும் அந்தப் பக்கம் சாயும்.

அவருக்கு இரண்டு பேர்தான் சாமி. ஒருவர் நம்ம மலேசியாவின் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம். 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றும், நாடு மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் போக முடியாத குழுவின் கோல்கீப்பர். 1988இல் கார் விபத்தில், 35 வயதில் போய்விட்டார். அதோடு அண்ணன் பேச்சை மாற்றிவிடுவார்.

இன்னொருவர் இத்தாலியின் டினோ ஸோஃப். 40 வயதில் கேப்டனாக 1982 உலகக் கிண்ணத்தைத் தூக்கியவர். பயிற்றுநரான பிறகு 1990இல் யுவென்டஸ் குழுவுக்கு யூஈஎஃப்ஏ கிண்ணமும் இத்தாலியக் கிண்ணமும் வாங்கிக் கொடுத்தார், அப்படியும் வேலை போனது.

ஸோஃப் இத்தாலியின் பயிற்றுநராக இருந்த 2000 ஐரோப்பியக் கிண்ண (யூரோ) இறுதியாட்டம் நம்ம நேரத்துக்கு விடிகாலை இரண்டு மணி. மாமாக் கடையில் தே தாரிக்கோடு உட்கார்ந்திருந்தோம். இத்தாலி 1-0 முன்னிலை, கூடுதல் நிமிடங்களும் முடியப்போகிற நேரம், பிரான்சின் வில்தோர் அடித்த பந்து கீப்பர் தோல்டோவைத் தாண்டி உள்ளே போனது. கடையே கத்தியது, அண்ணன் மட்டும் "பாவம் தோல்டோ, அரையிறுதியில அத்தனை பெனால்டி பிடிச்சான், இனி இதைத்தான் சொல்வானுங்க" என்றார். அப்புறம் கூடுதல் நேரத்தில், முதலில் அடிப்பவர் வெல்லும் 'கோல்டன் கோல்' விதிப்படி பிரான்சின் திரெசெகே ஒரு கோல் போட்டார், ஆட்டம் முடிந்தது.

ஆனால் திட்டு விழுந்தது ஸோஃப்புக்கு. பிரான்சின் ஸிடானுக்கு ஏன் காவல் போடவில்லை என்று இத்தாலிய அரசியல்வாதி பெர்லுஸ்கோனி ஏச, மனிதர் உடனே பதவி விலகினார். அண்ணனுக்கு அதில் ஒரே பெருமை. அடுத்த ஞாயிறே, மகனை இறக்கவில்லை என்று ஒரு பையனின் அப்பா சத்தம் போட்டதும், விசிலைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு மோட்டாரில் ஏறிப் போய்விட்டார்.

ஸோஃப் மறு வருடம் லாசியோ குழுவுக்குப் பயிற்றுநராக வந்தார். எங்கள் அண்ணனுக்கு இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. வலையும் பந்தும் வைத்திருந்த ஸ்டோர் சாவி அவர் பையிலேயே இருந்ததால், அதைக் கொடுக்க வந்ததாகத்தான் சொன்னார்.