கறியில் உப்பைக் குறைத்தால் கை உப்புமாங்காய்ப் பரணிக்குப் போகிறது. என்ன செய்ய?

குழித்துறைக்காரி கேட்டது:

எங்கள் வீடு குழித்துறைக்குப் பக்கம். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்துப் பாறசாலை. சந்தைக்கு அந்தப் பக்கம் போகிற நாளும் உண்டு, மார்த்தாண்டம் போகிற நாளும் உண்டு. சாப்பாடும் அப்படித்தான்: சம்பா அரிசிச் சோறு, தேங்காய் அரைத்த மீன்குழம்பு, கிழங்கு, துவரன் (தேங்காய் போட்ட பொரியல்), பப்படம், உப்புமாங்காய்.

இவருக்கு வயது 54. சித்திரை மாதம் பார்த்தபோது பிரஷர் 158/96. மாத்திரை எழுதிவிட்டு "உப்பைக் குறையுங்க" என்றார் டாக்டர். எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அன்றைக்கே சாளைக் குழம்பில் உப்பைப் பாதியாக்கினேன். குடம்புளி, தேங்காய் எல்லாம் பழைய அளவுதான். முதல் வாயிலேயே இவர் கை நின்றது. ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்ப் பரணியைத் திறந்து இரண்டு மாங்காயை எடுத்து, அதன் உப்புத்தண்ணீரிலும் ஒரு கரண்டி சோற்றில் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மாமி வேறு, "உழைச்சுட்டு வாறவனுக்கு வாய்க்கு ருசியா குடுக்கண்டாமா" என்கிறார். இவர் உழைப்பது ஃபேனுக்கு அடியில், கணக்கு எழுதி!

வீட்டில் உப்பை எப்படிக் கணக்குப் பார்ப்பது? ருசி போகாமல் எதில் குறைப்பது? இந்துப்பு போட்டால் பிரஷருக்குப் பயமில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். உண்மையா?

உப்பளத்தான் மகன்:

அக்கா, எனக்கு நாகர்கோவில் பக்கம் புத்தளம். அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் உப்பை விலை கொடுத்து வாங்கியதே இல்லை, அதனால் அளந்ததும் இல்லை. 41 வயதில் எனக்குப் பிரஷர் வந்த பிறகுதான் முதன்முதலாக அளந்தேன்.

ஸ்பூன் கணக்கு ஒத்துவராது, பாக்கெட் கணக்குப் பாருங்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தலைதட்டிய ஒரு டீஸ்பூன்தான் அது. வீட்டில் நாலு பேர் என்றால் 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். பிரிக்கிற அன்று பாக்கெட்டின் மேல் பேனாவால் தேதி எழுதி வையுங்கள். மீன் உரசிக் கழுவுகிற கல்லுப்பும், கிழங்கு அவித்து வடிக்கிற தண்ணீரோடு போகிற உப்பும் வயிற்றுக்குப் போவதில்லை. அதற்குத் தனி டப்பா வைக்காவிட்டால் கணக்குத் தப்பிவிடும். எங்கள் வீட்டில் நாலு பேருக்கு 19 நாளில் பாக்கெட் காலி. நானே நம்பவில்லை, இரண்டாவது பாக்கெட்டுக்கும் எழுதிப் பார்த்தேன். 18 நாள்.

அப்பா வெயிலில் நின்று உப்பு வாரியவர். சட்டையில் வெள்ளை வெள்ளையாக வியர்வை காய்ந்திருக்கும். அவர் குடித்த கஞ்சியில் உப்பு தூக்கலாக இருந்ததற்கு ஒரு நியாயம் உண்டு. நான் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு அதே கஞ்சியைக் குடித்தேன்.

இந்துப்பை விடுங்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். கல்லுப்பும் அதேதான். கல் இடைவெளி விட்டு உட்காருவதால் ஒரு ஸ்பூனில் எடை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அயோடின் சேர்த்த உப்பை விட்டுவிட்டு இந்துப்புக்கு மாறினால் அந்த அயோடினும் போய்விடும்.

பாறசாலை பஸ்:

ஏன் இவ்வளவு கஷ்டம்? சோடியம் குறைத்த உப்பு பாக்கெட்டில் வருகிறதே, அதை வாங்கிப் போடுங்கள். நான் ஒரு வருஷமாக அதுதான். முதலில் லேசாகக் கசக்கும், அப்புறம் தெரியாது.

வார்டு நர்ஸ்:

அண்ணா, உங்களுக்குச் சரியாக வந்தது எல்லோருக்கும் வராது. அந்த உப்பில் சோடியத்தின் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். பலன் இல்லை என்று சொல்லவில்லை. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2021-ல் வெளியானது. கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு உள்ள உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் ஏறும், இதயத் துடிப்பே தடுமாறிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த உப்பைப் பற்றிச் சொன்னபோதும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகளை விலக்கித்தான் சொன்னது.

அக்கா, சாருக்குச் சுகர் உண்டா? சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்தீர்களா? என்ன மாத்திரை?

குழித்துறைக்காரி:

சுகர் எட்டு வருஷமாக உண்டு. கிரியாட்டினின் 1.6 என்று சீட்டில் இருக்கிறது. மாத்திரை டெல்மிசார்ட்டான்.

வார்டு நர்ஸ்:

1.6 கொஞ்சம் கூடுதல், சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம். அப்படியானால் டாக்டரிடம் கேட்காமல் அந்தப் பாக்கெட்டைத் தொடவே வேண்டாம். டெல்மிசார்ட்டானும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றும்.

சாதா உப்பையே மெல்லக் குறையுங்கள். ஒரே நாளில் பாதியாக்கியதுதான் தப்பு, அதனால்தான் கை பரணிக்குப் போனது. இந்த வாரம் ஒரு சிட்டிகை, இரண்டு வாரம் கழித்து இன்னொரு சிட்டிகை. நாக்கு பழகச் சில வாரம் ஆகும். அமெரிக்கா, ஐரோப்பா பக்கம் பெரும்பாலான உப்பு பாக்கெட் சாப்பாட்டில் வருகிறது. நமக்குப் பெரும்பங்கு வீட்டு அடுப்பில்தான், அதனால் கடிவாளம் உங்கள் கையில். ஆனாலும் நூடுல்ஸ், மிக்சர் வாங்கினால் பின்பக்கம் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு.

பப்படத்தில் உப்பு மட்டுமில்லை, பொரிந்து வரச் சேர்க்கிற பப்படக்காரமும் (சோடா மாதிரி) சோடியம்தான். கஞ்சித்தண்ணீரில் உப்புப் போட்டுக் குடிக்கிற பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். குழம்பைவிட அதை விடுவது சுலபம்.

குழித்துறைக்காரி, ஏழு வாரம் கழித்து:

எல்லோருக்கும் நன்றி. தேதி எழுதினேன். முதல் பாக்கெட் 17 நாள்! நாலு பேர் நாங்கள், ஆளுக்குக் கிட்டத்தட்ட 15 கிராம். அதை மாமியிடம் காட்டினேன். "உப்புலயும் கலப்படம்" என்றார்.

கஞ்சித்தண்ணீரில்தான் தொடங்கினேன். சின்ன உள்ளி, ஒரு காந்தாரி மிளகு, கறிவேப்பிலை, கொஞ்சம் நல்லமிளகு எல்லாம் சேர்த்து நசுக்கிப் போட்டேன். உப்பு இல்லை என்று நாலு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார். துவரனில் உப்பை ஆரம்பத்தில் போடாமல் இறக்கும்போது தூவினால் பாதி போதுகிறது. மீன்குழம்புக்குக் குடம்புளியை ஒரு சுளை கூட்டினேன். நெத்திலிக் கருவாட்டைச் சனிக்கிழமைக்கு மட்டும் என்று வைத்து, இரண்டு தண்ணீர் மாற்றி ஊறவைக்கிறேன். ஊறிய தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன், கடல்தண்ணீர் மாதிரி இருந்தது. ஏத்தங்காய் சிப்ஸை நானே விட்டுவிட்டேன். கடையில் நின்று பார்த்தேன், கொதிக்கிற எண்ணெயில் கரண்டி கரண்டியாக உப்புத்தண்ணீரை ஊற்றுகிறார்கள்.

பருப்பில் மட்டும் தோற்றுவிட்டேன். உப்பு குறைந்தால் அது பருப்பே இல்லை. அதைப் பழைய அளவுக்கே விட்டுவிட்டேன், யாரும் திட்ட வேண்டாம்.

இரண்டாவது பாக்கெட் 31 நாள் வந்தது. ஆளுக்கு 8 கிராம். 5-க்கு இன்னும் வழி இருக்கிறது. பிரஷர் 142/88. மாத்திரையும் சாப்பிடுகிறார், அதனால் எது உப்பால், எது மாத்திரையால் என்று சொல்லத் தெரியாது. மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பரணி விஷயம். பங்குனியில் போட்ட மாங்காய், கழுத்து வரைக்கும் இருக்கிறது, கொட்ட மனசு வரவில்லை. மாமி அதைத் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மாங்காய், தண்ணீர் இல்லாமல், அவர் கையாலேயே எடுத்துக் கொடுப்பார். நேற்று ராத்திரி மூடி அசைகிற சத்தம் கேட்டது. லைட்டைப் போட்டேன். இவர் என் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். கட்டிலுக்கு அடியில் என் மகனின் இரண்டு கால்.